ட்ரெட்மில் வாங்கப் போய் ஜெயிலுக்குள் போன கதை

போன ஜனவரியில் இடது பக்கம் நெஞ்சில் லேசாக ஒரு வலி. வாயுத் தொல்லையாக இருக்கும் என்று இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் வீட்டில் திட்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், கடைசியில் டிஎம்டி. நாற்பதைத் தாண்டிய நம்மில் பலருக்கு இது தெரிந்திருக்கும். நெஞ்சில் வயர்களை ஒட்டி, ட்ரெட்மில்லில் ஏற்றிவிடுவார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் கூடும், சரிவும் கூடும். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த என்னைப் பார்த்து டெக்னீஷியன் சொன்னார்: "சும்மா தொட்டுக்கோங்க சார், தொங்காதீங்க. முடியலைன்னா போதும்னு சொல்லுங்க, நிறுத்திடுறேன்."

ஒன்பதாவது நிமிடத்தில் போதும் என்றேன். நிறுத்திவிட்டார்.

இதயத்தில் ஒன்றுமில்லை. ஆனால் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடை 74 கிலோ, வேலை முழுக்க உட்கார்ந்தபடி. "தினமும் நடங்க, முடிஞ்சா மெதுவா ஓடுங்க" என்றார் டாக்டர். எங்கள் தெருவில் நடைபாதை என்ற ஒன்று கிடையாது. விடியற்காலையில் ரோடு நாய்களுக்குச் சொந்தம், ஏழு மணிக்கு மேல் ஸ்கூல் வேன்களுக்கு. அதனால் வீட்டுக்குள்ளேயே ஓட ஒரு சின்ன ட்ரெட்மில், அதுவும் மோட்டார் இல்லாதது, வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தேன். கரண்ட் வேண்டாம், மடக்கி மூலையில் சாத்தலாம், விலையும் குறைவு.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு பொருளை வாங்கப் போனால் அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் விடமாட்டேன். இந்தத் தடவை தோண்டியது நேராக இங்கிலாந்து ஜெயிலில் போய் முட்டியது. கேள்விப்பட்ட கதைதான் என்று சிலர் நினைக்கலாம். 'ட்ரெட்மில் ஒரு காலத்தில் தண்டனைக் கருவியாக இருந்தது' என்ற ஒரு வரி அவ்வப்போது வாட்ஸப்பில் சுற்றும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதைப் படித்த பிறகு, எதை வாங்குவது என்ற என் முடிவே மாறிப்போனது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

மாவரைக்கிற வீட்டுப் பிள்ளை

பெயரிலிருந்தே தொடங்கலாம். 'ட்ரெட்' என்றால் மிதிப்பது. 'மில்' என்றால் ஆலை, முக்கியமாக மாவாலை. ஆக, நம் வீட்டு ஹாலில் நிற்கிற சாமானின் பெயருக்கு நேர் அர்த்தம் 'மிதி ஆலை'.

மனிதன் மிதித்துச் சக்கரம் சுற்றுவது பழைய சங்கதி. பெரிய கற்களைத் தூக்க ரோமானியர்கள் மிதிசக்கரம் வைத்த கிரேன் பயன்படுத்தினார்கள். சக்கரத்துக்குள்ளே ஆட்கள் நின்று மிதிப்பதைக் காட்டும் ஒரு கல்லறைச் சிற்பம் இன்றும் வாடிகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அதைத் தண்டனையாக ஆக்கியவர் ஒரு இங்கிலீஷ் இன்ஜினியர், பெயர் வில்லியம் கியூபிட்.

1785-ல் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். அப்பா மாவாலை நடத்தியவர். காற்றாலையின் இறக்கைகள் காற்றின் வேகத்துக்குத் தகுந்தபடி தானாகவே சரிசெய்துகொள்ளும் ஒரு அமைப்புக்கு 1807-லேயே காப்புரிமை வாங்கியவர். கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. பின்னாளில் இங்கிலாந்தின் சிவில் இன்ஜினியர்கள் கழகத்துக்குத் தலைவரானார். 1851-ல் லண்டன் கண்காட்சிக்கான கிரிஸ்டல் பேலஸ் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டு 'சர்' பட்டமும் வாங்கினார்.

பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊர் ஜெயிலில் கைதிகள் சும்மா சாய்ந்து நிற்பதைக் கியூபிட் பார்த்ததாகவும், 'இவர்களுக்கு ஏதாவது வேலை கண்டுபிடித்துக் கொடுங்களேன்' என்று அங்கிருந்த நீதிபதி ஒருவர் கேட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1810-களின் கடைசியில் அந்த ஜெயிலில் மிதிசக்கரம் வந்துவிட்டது. 1821-ல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் நிறுவிய பெரிய சக்கரம்தான் அதை நாடு முழுக்கப் பிரபலமாக்கியது.

அது எப்படி இருக்கும்? நீளமான ஒரு உருளை. அதன் மேல் முழு நீளத்துக்கும் மரப்படிகள், படிக்கும் படிக்கும் நடுவே சுமார் 20 செ.மீ. கைதிகள் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். எதிரே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. காலை வைத்ததும் படி கீழே இறங்கும், உடனே அடுத்த படியில் கால் வைத்தாக வேண்டும். முடிவே இல்லாத மாடிப்படி, ஆனால் நிற்கிற இடத்தை விட்டு ஓர் அடிகூட மேலே போகமாட்டீர்கள். பிரிக்ஸ்டனில் அந்தச் சக்கரம் மாவு அரைத்தது.

காற்றை அரைத்தவர்கள்

எல்லா ஜெயிலிலும் மாவு அரைபடவில்லை என்பதுதான் எனக்கு உறைத்த முதல் விஷயம். பல இடங்களில் அந்தச் சக்கரம் எதனோடும் இணைக்கப்படவே இல்லை. சுமை வேண்டும் என்பதற்காகக் கூரைக்கு மேலே பெரிய விசிறிப் பலகைகளை மாட்டி, காற்றைத் தள்ளவிட்டார்கள். அதற்கு 'காற்றை அரைப்பது' என்றே ஒரு பெயர் உண்டு. கைதிகள் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்று நடுவில் பலகைத் தடுப்பு வைத்த சிறைகளும் இருந்தன. எதிரே சுவர், இரண்டு பக்கமும் பலகை, காலுக்குக் கீழே நகரும் படி. அவ்வளவுதான்.

1865-ல் வந்த சிறைச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. கடுங்காவல் தண்டனை பெற்ற, 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் குறைந்தது மூன்று மாதமாவது முதல் வகைக் கடின உழைப்பு செய்ய வேண்டும். அந்தப் பட்டியலில் முதலில் நின்றது மிதிசக்கரம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு ஏறியிருப்பார்கள்? சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கரத்தில் 24 படி, நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்றால் 48 படி. அதாவது நிமிடத்துக்கு 9.6 மீட்டர். ஆறு மணி நேர வேலை, இருபது நிமிடம் மிதித்தால் ஐந்து நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொண்டால், மிதிக்கிற நேரம் 288 நிமிடம். மொத்தம் சுமார் 2760 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டா சிகரம் கடல்மட்டத்திலிருந்து 2637 மீட்டர். தினமும் கடற்கரையில் தொடங்கி தொட்டபெட்டாவுக்கு ஏறுவது போல! சிறைக்குச் சிறை நேரமும் வேகமும் மாறும், பல இடங்களில் இதைவிடக் குறைவுதான். பாதி என்றாலும் ஜெயில் சாப்பாட்டில் அது என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

நியூயார்க்கிலும் 1822-ல் இதை நிறுவினார்கள். அங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் ஹார்டி என்பவர் 1824-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கைதிகளை நடுங்கவைப்பது உடல் வலியைவிட, மாறாத அந்த ஒரே சீர்தான் என்பது அவர் கருத்து.

1895-ல் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டுக்கு இரண்டு வருடக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பென்டன்வில் சிறையில் அவரும் இந்தச் சக்கரத்தை மிதித்தார். 1898-ல் வந்த புதிய சிறைச் சட்டம்தான் இதற்கு முடிவு கட்டியது. கிட்டத்தட்ட எண்பது வருடம் ஓடியிருக்கிறது.

அடிமை முறை 'முடிந்த' பிறகு

இங்கிலாந்துக் கதையைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஜமைக்கா. 1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் மறுநாளே எல்லோரும் சுதந்திரமாகிவிடவில்லை. 'பயிற்சித் தொழிலாளர்' என்று ஒரு பெயர் வைத்து, பழைய முதலாளியிடமே சில வருடங்கள் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்றது சட்டம். முதலாளி தன் கையால் சாட்டையடிக்கக் கூடாது. அந்த இடத்தை நிரப்பியது மிதிசக்கரம். மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடுவார், சிறைக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

அங்கே மேலே இருந்த கட்டையில் ஆட்களின் மணிக்கட்டைக் கட்டிவிட்டார்கள். வேகத்துக்குக் கால் வைக்க முடியாதவர்கள் கையில் தொங்கினார்கள். சுற்றுகிற படிகள் முழங்காலிலும் கணுக்காலிலும் அடித்தபடி இருந்தன. கர்ப்பிணிகளையும் ஏற்றினார்கள். இதையெல்லாம் அனுபவித்த ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற பதினெட்டு வயதுப் பையனின் வாக்குமூலம் 1837-ல் பிரிட்டனில் வெளியாகி, பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது. இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்க வேண்டிய அந்த முறை 1838 ஆகஸ்ட் 1 அன்றே முடிவுக்கு வந்ததில் அந்த வாக்குமூலத்துக்கும் பங்குண்டு.

கிரிஸ்டல் பேலஸுக்குப் பட்டம் வாங்கிய அதே கையிலிருந்து வந்த சாமான்தான் இது. கியூபிட் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. சும்மா இருப்பவர்களுக்கு ஒரு வேலை என்றுதான் அவர் தொடங்கியிருப்பார். ஆனால் மிதிக்கிறவன் 'போதும்' என்று சொல்ல அந்தச் சக்கரத்தில் எங்கேயும் இடம் வைக்கவில்லை.

மூச்சை அளந்த டாக்டர்

தண்டனைக் கருவி மருத்துவத்துக்குள் எப்படி வந்தது? அதற்கு நடுவில் ஒரு பாலம் இருக்கிறது, பலர் அதைப் பேசுவதில்லை. எட்வர்ட் ஸ்மித் என்ற ஆங்கில டாக்டர். 1850-களில் லண்டன் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறையில் இருந்த மிதிசக்கரத்தை வைத்து, இந்த உழைப்பில் மனித உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அளக்கத் தொடங்கினார். உள்ளே போகும் காற்று எவ்வளவு, வெளியே வரும் கரியமில வாயு எவ்வளவு என்று பார்த்தார். ஓய்வாக இருக்கும்போது இருப்பதைவிடப் பல மடங்கு.

அந்தக் காலத்தில், தசை வேலை செய்யும்போது தசையின் புரதமே எரிகிறது என்று பெரிய விஞ்ஞானிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் சிறுநீரில் யூரியா ஏற வேண்டும். உழைப்புக்கு ஏற்றபடி அது ஏறவில்லை, கரியமில வாயுதான் ஏறுகிறது என்று ஸ்மித் காட்டினார். இன்றைய உடற்பயிற்சி அறிவியலின் முதல் அளவுகளில் சில, ஜெயில் சக்கரத்தின் மேலிருந்து வந்தவை. பின்னால் லங்காஷயரில் பஞ்சாலைகள் மூடியபோது தொழிலாளர் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்று போய்ப் பார்த்து எழுதியவரும் இவர்தான்.

சியாட்டிலிலிருந்து நம்மூர் ஆஸ்பத்திரி வரை

அடுத்த தாவல் நூறு வருடம் கழித்து, அமெரிக்காவின் சியாட்டிலில். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ். படுத்திருக்கும் நோயாளிக்கு ஈசிஜி எடுத்தால் பல நேரம் எல்லாம் சரியாகவே தெரியும், இதயத்தை வேலை செய்யவிட்டுப் பார்த்தால்தான் குறை வெளியே வரும் என்பது அவர் பிரச்சினை. வேய்ன் குவின்டன் என்ற இன்ஜினியர் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற மோட்டார் ட்ரெட்மில்லைச் செய்துகொடுத்தார். 1963-ல் புரூஸ் வெளியிட்ட படிநிலைப் பரிசோதனைதான் நான் ஜனவரியில் நடந்தது. முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீதச் சரிவு. அடுத்து 4 கி.மீ., 12 சதவீதம். மூன்றாவது சுமார் 5.5 கி.மீ., 14 சதவீதம். இப்படியே போகும்.

வீட்டுக்குள் வந்தது அதற்கும் பிறகு. 1968-ல் கென்னத் கூப்பர் என்ற டாக்டர் 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். அதைப் படித்த நியூஜெர்சி இன்ஜினியர் வில்லியம் ஸ்டாப், மழை பனி பார்க்காமல் வீட்டிலேயே ஓட ஒரு எளிய மெஷின் வேண்டும் என்று செய்ததுதான் 'பேஸ்மாஸ்டர்'. ஸ்டாப் 2012-ல் 96 வயதில் இறந்தார்.

சரி, எதை வாங்குவது?

இவ்வளவையும் படித்த பிறகு மறுபடி கடைக்குப் போனேன். இப்போது கேட்க எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது: இந்த மெஷினில் வேகத்தை வைப்பது யார், நிறுத்துவது யார்?

மோட்டார் உள்ளதில் வேகம் மெஷினுடையது, நாம் பட்டன் அழுத்தலாம். மோட்டார் இல்லாததில் கால்தான் மோட்டார். நாம் நின்றால் பெல்ட்டும் நின்றுவிடும். கேள்விக்கு இதுதான் பதில் என்று துள்ளினேன். ஏறி நடந்து பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

சின்ன மேனுவல் ட்ரெட்மில்லில் பெல்ட்டை நகர்த்த, அடியில் இருக்கும் உராய்வை நாம் வெல்ல வேண்டும். சமதளமாக வைத்தால் தள்ளுவது கஷ்டம். அதனால் முன்பக்கத்தைத் தூக்கிச் சரிவாகவே செய்துவிடுகிறார்கள், நம் எடையே பெல்ட்டைக் கீழே இழுக்கட்டும் என்று. போனில் சாய்வு பார்க்கும் ஆப்பை வைத்து அளந்தேன். ஒன்றில் 8 டிகிரி வந்தது. என் 74 கிலோவில் சுமார் 10 கிலோ பெல்ட்டை இழுக்கப் போகிறது என்று அர்த்தம். 8 டிகிரி என்பது 14 சதவீதச் சரிவு. அட, புரூஸின் மூன்றாம் கட்டம்! டிஎம்டி-யில் ஆறு நிமிடம் தாண்டி வந்த சரிவு, இதில் முதல் அடியிலேயே வந்துவிடுகிறது. பிடி வேறு இல்லாமல் முடியாது, கம்பியைப் பிடித்துத் தள்ளினால்தான் பெல்ட் ஓடுகிறது. எதிரே சுவர், கையில் கம்பி, காலடியில் இறங்கிக்கொண்டே போகும் தளம். எங்கேயோ படித்த காட்சி.

இதில் நடக்கலாம், ஓட முடியாது. அதற்கு இன்னொரு காரணம் நீளம். நான் பார்த்த சின்ன மெஷின்களில் மிதிக்கிற இடம் 100, 110 செ.மீ. வீட்டில் காலை நனைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்து, ஈரத் தடத்தை டேப் வைத்து அளந்தேன். நடக்கும்போது குதிகாலிலிருந்து குதிகாலுக்கு 65 செ.மீ. மெதுவாக ஓடும்போது 90. பாதத்தின் நீளத்தையும் முன்பின் அசைவையும் சேர்த்தால், ஓட 130 செ.மீ.யாவது வேண்டும். வாங்குவதற்கு முன் இந்த ஈரத்தடச் சோதனையை எல்லோரும் செய்துவிடுங்கள், செலவே இல்லை.

நடுவில் குழிவாக வளைந்த மேனுவல் ட்ரெட்மில்லும் உண்டு. முன்னால் அடி வைத்தால் வேகம், பின்னால் வைத்தால் நிதானம், கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை. உண்மையாகவே ஓடலாம். ஆனால் அதே வேகத்துக்குக் கூடுதலாக மூச்சு வாங்கும், விலையும் இடமும் எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

கடைசியில் செய்தது இதுதான். 'வீட்டில் ஓடுவது' என்ற ஆசையை விட்டேன். முன்காலின் உயரத்தைக் குறைக்க முடிகிற, மிதிக்கும் இடம் 40 செ.மீ. அகலமான, பறக்கும் சக்கரம் கொஞ்சம் கனமான ஒரு மேனுவல் மெஷினை எங்கள் குடியிருப்பிலேயே ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். அவர் வீட்டில் அது துணி காயப்போடும் கொடியாக இருந்தது. குறைந்த சரிவில் வைத்து, நடக்க மட்டும். ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில். கீழ்வீட்டுக்காரருக்குச் சத்தம் கேட்காமல் அடியில் தடித்த ரப்பர் பாய். பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது சிலிக்கான் எண்ணெய். இதயப் பிரச்சினை, மூட்டு வலி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்தச் சரிவில் ஏற வேண்டாம்.

தாத்தாவின் ஏற்றம்

வாங்கிய அன்று அப்பாவுக்கு போன் செய்தேன். திருவண்ணாமலைப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். எப்படி வேலை செய்யும் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார்.

"காசு குடுத்து ஏத்தம் மிதிக்கப் போறியா? உங்க தாத்தா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ."

என் தாத்தா ஏற்றம் மிதித்தவர். ஏற்ற மரத்தின் மேல் இந்தப் பக்கம் நடந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், அந்தப் பக்கம் நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். விடிய விடிய நடக்க வேண்டும், பாட்டிலேயே சாலை எண்ணிக்கொண்டு. ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்பார்கள். பிரிக்ஸ்டன் கைதி பேசக்கூடாது, தாத்தா பாடலாம். ஜெயில் கைதி அரைத்தது சில நேரம் வெறும் காற்று, தாத்தா இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடுவது அவர் கண்ணுக்கே தெரியும்.

இப்படி ஒரு அழகான முடிவை எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பாட்டு எல்லாம் சரிப்பா. ஆனா அது நம்ம வயல் இல்ல. காய்ச்சலோட ஒரு நாள் போதும்னு இறங்கிட்டாரு. அன்னிக்குக் கூலி இல்லன்னு அனுப்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி நாங்க யாரும் சாப்பிடல."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மெஷினில் ஏறினேன். பதினொன்றாவது நிமிடம் தொடை எரிந்தது. நின்றேன், பெல்ட்டும் நின்றது. கீழே இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, இட்லி சாப்பிட உட்கார்ந்தேன்.